படைத்தவனே அரக்கன்: ஹேமர் நிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன்

1956ஆம் ஆண்டின் இறுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்னும் ஊரருகே இருந்த பழைய மாளிகை ஒன்றில் ஹேமர் என்ற சிறிய படநிறுவனம் ஒரு திகில் படத்தை எடுக்கத் தொடங்கியது. செலவுக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 65,000 பவுண்டு. பெரிய படநிறுவனங்கள் இத்தொகையில் ஒரு படத்தைத் தொடங்கவே யோசிக்கும். இதோடு வழக்கு வரும் என்ற அச்சமும் இருந்தது. 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கி, போரிஸ் கார்லோஃப் நடித்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படம் அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனத்துக்குச் சொந்தம். தட்டையான மண்டை, கழுத்தில் இரும்பு முளை என்று உலகமே அறிந்த அந்தத் தோற்றத்தின் சாயல் சிறிதளவு தென்பட்டாலும் யுனிவர்சல் சும்மா இராது என்பது ஹேமருக்குத் தெரியும்.

இந்த இரண்டு நெருக்கடிகளும் சேர்ந்துதான் 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு அதன் தனித்தன்மையைக் கொடுத்தன என்பது என் துணிபு. தயாரிப்பு நிர்வாகியாக இருந்து எழுத்துக்கு வந்தவர் ஜிம்மி சாங்ஸ்டர். எந்தக் காட்சிக்கு என்ன செலவாகும் என்று அறிந்தவர். தீப்பந்தம் ஏந்திய ஊர்க்கூட்டம் மலையேறி வரும் காட்சி அவருடைய திரைக்கதையில் இல்லை. மாளிகையின் சில அறைகள், ஒரு மாடிப்படி, மேல்மாடத்தில் ஓர் ஆய்வுக்கூடம், நான்கைந்து மனிதர்கள் என்று கதை சுருங்கியது. அரக்க உருவத்தைப் பெரிதாகக் காட்ட வழியில்லாததால், கவனம் முழுவதும் அதைப் படைத்தவன்மீது திரும்பியது.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பிரபுவாக நடித்தவர் பீட்டர் குஷிங். பித்துப்பிடித்த விஞ்ஞானி என்றால் தலை கலைந்து, கண் பிதுங்கி, கூச்சலிட வேண்டும் என்பது அதுவரை திரையில் இருந்த வழக்கம். குஷிங் அதை ஏற்கவில்லை. அவருடைய விக்டர் நன்றாக உடுத்துபவன், இனிமையாகப் பேசுபவன், விருந்தினரை முறையாக உபசரிப்பவன். பித்து அவனுடைய குரலில் இல்லை; முன்னுரிமைகளில் இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரனின் தலையை அறுத்த பின், கையில் ஒட்டிய இரத்தத்தைத் தன் அங்கியின் மார்புப் பகுதியிலேயே துடைத்துக்கொள்கிறான். அதில் அருவருப்பும் இல்லை, களிப்பும் இல்லை; வேலை நடுவே இருப்பவனின் கவனக்குறைவு மட்டுமே இருக்கிறது. விலைக்கு வாங்கி வந்த கண்விழிகளை உருப்பெருக்கியால் ஆராயும்போது, கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய கண்ணே திரையை நிறைத்து நம்மைப் பார்க்கிறது.

பேராசிரியர் பெர்ன்ஸ்டைன் கொலையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். படைக்கும் உடலுக்கு அறிவாளி ஒருவரின் மூளை வேண்டும். முதியவரான பேராசிரியரை வீட்டுக்கு அழைத்து அன்போடு பேசுகிறான் விக்டர். மாடியில் மாட்டியிருக்கும் ஓவியத்தைச் சற்றுப் பின்னால் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று சொல்லி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தள்ளிவிடுகிறான். பிறகு தன் குடும்பக் கல்லறையிலேயே அவரை மரியாதையோடு அடக்கம் செய்கிறான். அறிஞரைப் போற்றுவதும் அவர் மூளையைத் திருடுவதும் அவனுக்கு முரணாகத் தோன்றவே இல்லை. உடலுக்காகக் கொலை செய்வது பிரிட்டனுக்கு வெறும் கற்பனையன்று. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸின் அறுவைக்கூடத்துக்கு விற்றனர். அந்தப் பழி எழுப்பிய கொதிப்பின் பின்னணியில்தான் 1832இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. 1960இல் வெளிவந்த வேறொரு படத்தில் அந்த நாக்ஸாகவும் குஷிங்கே நடித்தார்.

இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் படத்தொகுப்பாளராக இருந்தவர். இரண்டு காட்சிகளை ஒட்டவைக்கும் இடத்தில் பொருள் பிறக்கும் என்பதை அறிந்தவர். விக்டரால் கருவுற்ற பணிப்பெண் ஜஸ்டின், உண்மையை வெளியே சொல்லிவிடுவதாக மிரட்டுகிறாள். சான்று தேடி இரவில் ஆய்வுக்கூடத்தில் நுழைகிறாள். விக்டர் வெளியே கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே அவள் அலறுவதைக் கேட்டபடி நிற்கிறான். அடுத்த காட்சி காலை உணவு மேசை. ஆரஞ்சுப் பழப்பாகை எடுத்துத் தரும்படி, தான் மணக்கவிருக்கும் எலிசபெத்திடம் சாதாரணமாகக் கேட்கிறான். படத்தில் எவ்வளவோ இரத்தம் சிந்துகிறது; ஆனால் இதைவிடக் கொடிய இடம் வேறில்லை.

கிறிஸ்டோபர் லீ ஏற்ற படைப்பு உருவத்துக்கு வசனமே கிடையாது. ஒப்பனைக் கலைஞர் ஃபில் லீக்கி, கார்லோஃப் சாயலைத் தவிர்க்கவேண்டிய கட்டாயத்தில், வெளிறித் தைக்கப்பட்ட பிண முகம் ஒன்றை உருவாக்கினார். உருவம் முகத்தில் சுற்றிய துணிக்கட்டைக் கிழித்து முகம் காட்டும் கணத்தில் காமிரா அதை நோக்கிப் பாய்கிறது. சேதமுற்ற மூளையோடு எழுந்த அந்த உயிர் அஞ்சத்தக்கது என்பதைவிட இரங்கத்தக்கது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் அது கற்றறிந்து வாதாடும், இங்கே ஊமை. நாவலின் விக்டர் தான் படைத்ததைக் கண்டு மிரண்டு ஓடுவான். இங்குள்ள விக்டரோ அதைச் சங்கிலியில் பூட்டி, உட்காரவும் எழவும் பழக்கி வேடிக்கை காட்டுகிறான். நாவலுக்கு உண்மையாக இல்லை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படைத்தவனின் பொறுப்பு எது என்ற ஷெல்லியின் கேள்வி இங்கே மேலும் கூர்மை பெறுகிறது.

வண்ணத்தையும் சொல்லவேண்டும். இது ஹேமரின் முதல் வண்ணத் திகில் படம். ஜாக் ஆஷரின் ஒளிப்பதிவில் ஆய்வுக்கூடக் குடுவைகளின் பச்சையும் சிவப்பும் நகைபோல் மின்னுகின்றன. பெர்னார்ட் ராபின்சனின் அரங்கமைப்பு சிறிய இடத்தைச் செல்வச் செழிப்பாகக் காட்டுகிறது. சுடப்பட்ட உருவத்தின் கண்ணிலிருந்து வழியும் சிவப்பு, கறுப்பு வெள்ளைக்குப் பழகிய கண்களைத் திடுக்கிட வைத்தது. தணிக்கைக் குழு திரைக்கதையைப் படித்தபோதே முகம் சுளித்தது. 16 வயதுக்குக் குறைந்தோர் பார்க்கக்கூடாது என்ற 'எக்ஸ்' சான்றிதழ் கிடைத்தது. லண்டன் விமர்சகர்கள் பலர் அருவருப்பான படம் என்று சாடினர். மக்களோ திரளாக வந்தனர்.

படம் 1957 மே 2ஆம் நாள் லண்டனில் வெளியானது. அதே மாதம் 15ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் மால்டன் தீவருகே பிரிட்டன் தன் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைத் தொடரைத் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் கோட்டும் டையும் அணிந்து, நிதானமாகப் பேசி, அழிவைக் கணக்கிடும் அறிஞர்களைச் செய்தித்தாள்களில் கண்டுவந்த மக்களுக்கு, குஷிங்கின் விக்டர் அந்நியனாகத் தெரிந்திருக்க மாட்டான்.

யுனிவர்சலின் தொடர்ப்படங்களில் திரும்பத் திரும்ப உயிர்த்து வந்தது அந்த உருவம். ஹேமர் தொடரில் உருவம் ஒவ்வொரு படத்திலும் வேறு. திரும்பி வந்தவன் விக்டர்தான். 1957 முதல் 1974 வரை ஆறு படங்களில் குஷிங் அவனாக நடித்தார்; அவற்றில் ஐந்தை இயக்கியவர் ஃபிஷர். கார்லோஃபை மட்டும் கண்டவர்கள் இந்த முதல் படத்தையும், கூடவே 1969இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்ட்' படத்தையும் தேடிப் பார்க்கவேண்டும்.