‘ஹேவ்’ என்ற சொல்லில் நம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? ஒரு சிறு வரலாறு



நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், பலர் “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்றுதான் தொடங்குகிறார்கள். “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்பதே சரி. கேட்பவர் கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்கிறது. இந்தப் பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு, அந்தச் சிரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பிழையைப் பார்ப்போம். தமிழில் “எனக்கு இரண்டு தம்பிமார் இருக்காங்க” என்கிறோம். “ஹேவ்” என்பதற்கு நேரான வினைச்சொல் இதில் இல்லை. “எனக்கு” என்று சொல்லி “இரு” என்ற வினையைச் சேர்க்கிறோம். கடைத்தெருவில் சிங்களம் பேசும்போது “மட்ட சல்லி தியெனவா” என்கிறோம். அதுவும் “எனக்குக் காசு இருக்கு” என்பதுதான். மத்ரஸாவில் படிக்கும் அரபியில் “இந்தீ கிதாபுன்” என்றால் “என்னிடத்தில் ஒரு புத்தகம்”, அங்கே வினைச்சொல்லே கிடையாது. ஆக நாலந்தாவில் வளரும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் காதில் விழும் மூன்று மொழிகளிலும் “ஹேவ்” இல்லை. நாலாவதாக வரும் ஆங்கிலத்தில்தான் அதை முதன்முதலாகச் சந்திக்கிறது.

இது நம் மொழிகளின் குறை அல்ல. ரஷ்ய, துருக்கி, ஹிந்தி மொழிகளும் இப்படித்தான். பழைய லத்தீனிலும் “எனக்கு உண்டு” என்ற அமைப்பு இருந்தது. உலக மொழிகளில் “ஹேவ்” போன்ற வினை எல்லாவற்றுக்கும் பொதுவானது அல்ல என்று பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1960இல் எழுதினார்.

ஆங்கிலத்தின் “ஹேவ்” மிகப் பழைய காலத்தில் “பிடி, கையில் வை” என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பிடிப்பது ஒரு செயல், ஆனால் வைத்திருப்பது ஒரு நிலை. உடைமையைச் சொல்லும்போது “ஹேவ்” நிலையைக் காட்டுவதால் “ஹேவிங்” ஆவதில்லை. “ஐ ஆம் ஹேவிங் லன்ச்” என்பது மட்டும் எப்படிச் சரி? அங்கே “ஹேவ்” சாப்பிடுவதைக் குறிக்கிறது. சாப்பிடுவது நடந்துகொண்டிருக்கும் செயல்.

அடுத்த பிழை “மை சிஸ்டர் ஹேவ்”. தமிழில் “எனக்கு ஒரு வீடு இருக்கு”, “தாத்தாவுக்கு ஒரு வீடு இருக்கு” என்று யாருடைய வீடானாலும் வினை மாறாது. ஆங்கிலத்தில் உடையவர் யார் என்பதைப் பார்த்து வினை மாறும். பழைய ஆங்கிலத்தில் இந்த மாற்றங்கள் இன்னும் அதிகம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் “ஹேத்” என்றிருப்பதுதான் இன்றைய “ஹேஸ்”. மற்ற மாற்றங்கள் உதிர்ந்துபோக, இந்த ஒன்று மிஞ்சி நிற்கிறது.

இப்போது சிரிப்பின் வரலாறு. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, மாத்தளையும் பிரித்தானியர் கைக்குப் போனது. 1833இல் கோல்புறூக் குழுவின் சிபாரிசுகளுக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழியானது. நல்ல ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று அஞ்சி நம்மவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது, ஆனால் இழப்பும் பெரிதாக இருந்தது.

கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்தி லெப்பை (1838–1898) இதை உணர்ந்தவர். 1882இல் “முஸ்லிம் நேசன்” பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரும் வாப்பிச்சி மரிக்காரும் எடுத்த முயற்சியால், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஆதரவோடு, 1892இல் கொழும்பில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான பாடசாலை உருவானது. 1921 முதல் டி.பி. ஜாயா அதிபராக இருந்து அதை உயர்த்தினார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது, தாய்மொழிக் கல்வியும் பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய ரஹ்மத். ஆனால் ஆங்கிலம் நகரத்து வசதியான வீடுகளிலேயே தங்கிவிட்டது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகும் ஆங்கிலத்தின் மதிப்பு குறையவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் “கடுவ”, அதாவது வாள். ஆங்கிலம் தெரியாதவனை வெட்டிச் சாய்க்கும் ஆயுதம் என்று பொருள். 1987இல் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் அது பாலம், ஆனால் நம் நடத்தையில் இன்னும் வாள்தான். “ஹேவிங்” என்ற ஒரு சொல்லுக்காக ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர் அந்த வாளைத்தான் வீசுகிறார்.

பெற்றோருக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். பிள்ளை தமிழில் “எனக்கு இருக்கு”, “என்னிடம் இருக்கு” என்று சொல்லும் இடத்தில் “ஐ ஹேவ்”. அவனுக்கு, அவளுக்கு என்றால் “ஹேஸ்”. “நான் சாப்பிட்டிருக்கிறேன்” என்பதிலும் நமக்கு “இரு” வருகிறது, ஆங்கிலத்துக்கும் அங்கே “ஹேவ்” வருகிறது: “ஐ ஹேவ் ஈட்டன்”. ஒரே ஒரு எச்சரிக்கை. “நேற்று” என்று காலத்தைக் குறிப்பிட்டால் “ஹேவ்” வேண்டாம், “ஐ சோ ஹிம் யெஸ்டர்டே” என்றால் போதும்.

இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் ஐந்து வாக்கியம் கேட்டுப் பாருங்கள். பிழை வந்தால் சிரிக்காமல், சரியான வாக்கியத்தை நீங்களும் சேர்ந்து ஒருமுறை சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். சித்தி லெப்பை காலத்தில் நம் பிள்ளைகளுக்குப் பாடசாலை கிடைக்கவில்லை. இன்று பாடசாலை இருக்கிறது. வெட்கத்தால் அவர்கள் பின்தங்கிவிடக் கூடாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைத் தருவானாக. ஆமீன்.