வீதியின் செய்தி கைக்கு வருகிறதா?

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில் சென்றுகொண்டிருந்தேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய யப்பானியக் கார். வவுனியாவைத் தாண்டி ஏ-9 வீதி நேராக நீளும் இடத்தில்தான் அதனை முதன்முதலாக உணர்ந்தேன். நான் ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்திருக்க, கார் தன் விருப்பப்படி மெல்ல வலப்புறம் அலைந்தது. திருத்தினால் இடப்புறம் அலைந்தது. எதிரே வந்த லொறி கடந்தபோது அதன் காற்றே எங்களை அசைத்தது. அருகில் இருந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

யாழ்ப்பாணம் சேர்ந்ததும் ஒரு கராஜில் காட்டினேன். ஸ்ரியரிங் ராக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், உறவினர் காட்டிய முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களை உயிரோடு வைத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். முதலில் ரயர்களில் காற்றை அளந்தார். பின்னர் காரின் கீழே படுத்து, ஒரு கம்பியால் அங்குமிங்கும் நெம்பிப் பார்த்தார்.

"ராக்கிலை பிழை இல்லை ஐயா. கீழ்க் கையிலை இருக்கிற ரப்பர் புஷ் கிழிஞ்சு போச்சு. ஒரு ரை றொட்டின்ரை மூட்டும் ஆடுது. அதைச் செய்துபோட்டு எலைன்மென்ற் பாத்தால் கார் நேரே போகும்" என்றார். சற்று நிறுத்தி, "ஆனால் பழைய மொறிஸ் மைனரின்ரை கை இதிலை வராது. அது வேறை சாமான்" என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டாவது வசனம்தான் என்னை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது. ஸ்ரியரிங்கின் தளர்வு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு. ஒன்று தேய்மானத்தால் வருவது. மற்றது வடிவமைப்பிலேயே வைத்துத் தரப்படுவது. இரண்டையும் பிரித்தறிவதற்கு, இந்தச் சக்கரம் நம் கைக்கு வந்த வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும்.

வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதனைச் செய்யும் முறையை ஜேர்மனியின் மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் கியோர்க் லங்கன்ஸ்பேர்கர் கண்டார். அவருக்காக 1818இல் இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடொல்ஃப் அக்கர்மன் என்ற நூல் வெளியீட்டாளர். கண்டவர் பெயர் மறைந்து, பதிந்தவர் பெயரே இன்றுவரை நிலைத்தது. குதிரை வண்டிக்குப் பிறந்த இந்த எண்ணம் மோட்டார் காருக்கு உடனே வந்துவிடவில்லை. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற கார் மூன்று சக்கரங்களோடு வந்தமைக்கு, நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் சிக்கலே காரணம். 1893இல்தான் அவர் அதற்குத் தீர்வு கண்டார்.

படகின் சுக்கான் போன்ற நெம்புகோலுக்குப் பதிலாக வட்டமான சக்கரம் 1890களில் வரத் தொடங்கியது. 1894இன் பரிஸ் - ருவோன் ஓட்டத்தில் அல்பிரட் வஷரோன் தமது பனார் காரில் அதனைப் பூட்டியிருந்தார். அன்று தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான சாரதிகளின் கைக்கும் வீதிக்கும் இடையே இருந்தவை இரும்பும் கிறீசும் மட்டுமே.

1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர், இதில் ஒரு மைல்கல். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், பற்கள் வெட்டிய சட்டத்தைச் சிறு பற்சக்கரம் நேரடியாக நகர்த்தும் ராக் அன்ட் பினியன் முறையை அந்தச் சிறிய காருக்குக் கொடுத்தார். கை அசைத்த அளவு சக்கரம் அசைந்தது. சக்கரம் உணர்ந்ததைக் கை உணர்ந்தது. பழைய கார்கள் யாவும் அப்படித்தான் என்று ஏங்குவதில் பொருளில்லை. அக்காலத்துப் பெட்டி வகை ஸ்ரியரிங்குகள் பல, தேய்ந்தபின் இரண்டு மூன்று அங்குலம் வெறுமனே சுழலும். நேர் வீதியிலும் சாரதி ஓயாமல் திருப்பிக்கொண்டே இருப்பார். என் தலைமுறையினர் பலர் சிறுவயதில் பின் இருக்கையிலிருந்து கண்ட காட்சி அது.

கார்கள் பாரமாகின, முன் ரயர்கள் அகன்றன. கையின் பலம் போதவில்லை. பியர்ஸ்-அரோ லொறிக் கொம்பனியில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்ரியரிங்கை 1920களில் செய்து காட்டினார். அது பயணிகள் காரில் விற்பனைக்கு வந்தது 1951இல், கிறைஸ்லர் இம்பீரியலில். 1988இல் சுசுகி தனது செர்வோ என்ற சிறிய காரில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரைப் பொருத்தியது. எண்ணெய்ப் பம்ப் எஞ்சின் இயங்கும் நேரமெல்லாம் சக்தியை உண்ணும். மின்மோட்டாரோ தேவைப்படும்போது மட்டுமே உண்ணும். எரிபொருள் மிச்சமாகும் என்பதை முக்கிய காரணமாகக் கொண்டு உலகின் கார்கள் ஒவ்வொன்றாக மின்முறைக்கு மாறின. 2012 அளவில் பி.எம்.டபிள்யூ 3 தொடர் செடான்கூட மாறியபோது, கையுணர்வு குறைந்துவிட்டதென்று மோட்டார்ப் பத்திரிகையாளர்கள் குறைப்பட்டார்கள். 2013இல் வெளிவந்த இன்பினிற்றி கியூ-50 செடானில், வழமையான ஓட்டத்தின்போது கைச்சக்கரத்துக்கும் ரயருக்கும் இடையே இரும்புத் தொடர்பே இல்லை. பழுது நேர்ந்தால் மட்டும் இணையும்.

இழந்தது வெறும் சுகமா? இல்லை. முன் ரயர் வளைவில் பிடியை இழக்கத் தொடங்குமுன், சக்கரத்தை நேராக்க முயலும் விசை முதலில் குறைகிறது. மழை வீதியில் ஸ்ரியரிங் திடீரென இலேசாவது அதனால்தான். ரயர் வழுக்குமுன்னரே கைக்கு வரும் முன்னறிவித்தல் அது. மோட்டாரும் அதன் பற்சக்கரங்களும் அச்செய்தியை மங்கச் செய்கின்றன. குழியின் அதிர்ச்சியை வடிகட்டும்போது எச்சரிக்கையும் சேர்ந்தே வடிகட்டப்படுகிறது.

அதற்காக, திருத்தக்கூடிய தளர்வையும் விதியென்று ஏற்பது தவறு. ரயரின் காற்று என்ற அற்ப விடயத்துக்கும் வரலாறு உண்டு. 1960 மாதிரியாக அமெரிக்காவில் வந்த செவ்றலே கோர்வேயரின் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. வளைவில் அதன் பின்பகுதி விலகாதிருக்க, முன் ரயருக்கு 15 இறாத்தலும் பின் ரயருக்கு 26 இறாத்தலும் காற்றடிக்கும்படி உற்பத்தியாளர் கூறினார். எல்லா ரயருக்கும் ஒரே அளவு அடித்துப் பழகிய உலகில் அதனை எத்தனை பேர் கவனித்திருப்பர்? 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான். அக்கால ஏனைய கார்களைவிட அது மோசமானதல்ல என்று 1972இல் அரச ஆய்வு கூறியது. ஆயினும் 1966இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த சூழலை உருவாக்கியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

எனவே கார் அலைந்தால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். சாரதியின் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளவிடுங்கள். ரயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் ரை றொட் மூட்டுகள், போல் ஜொயின்ற்கள், ரப்பர் புஷ்கள். இவை ஆடும்போது எலைன்மென்ற் செய்வது வீண்செலவு. திருத்தியபின் செய்யாமல் விடுவதும் அவ்வாறே. ராக்கில் கைவைப்பது கடைசியில்தான். நல்ல ரயர் பதிலை விரைவாக்கும். ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பொலியூரித்தேன் புஷ் போட்டால் அசைவு குறையும், ஆனால் இரைச்சலும் அதிர்வும் கூடும். மின்மோட்டார் வடிகட்டிய உணர்வை இவை எவையும் முழுமையாக மீட்டுத் தரா.

இலங்கையில் இது இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய கார்களே மேலும் பழையனவாகி ஓடின. அவற்றின் கீழே கிழிந்த ரப்பர்களை எவர் எண்ணிப் பார்த்தார்?

என் காருக்கு இரண்டு புஷ்களும் ஒரு மூட்டும் மாற்றினோம். முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. திரும்பும் வழியில் அதே நேர் வீதியில் கார் அம்புபோல் சென்றது, மனைவி உறங்கிவிட்டார். மதவாச்சிக்கு அப்பால் மழை பிடித்தது. நீர் நிறைந்த தாரில் ரயர் என்ன சொல்கிறது என்று கையால் கேட்டுப் பார்த்தேன். தெளிவாக ஒன்றும் வரவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.