கிறிஸ்துமஸே வராத கிறிஸ்துமஸ் படம்

டிசம்பர் வந்தாலே இணையத்துல ஒரு சண்டை ஆரம்பிச்சிடும்: 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா, இல்லையா? 1988 ஜூலையில ரிலீஸான துப்பாக்கிச் சண்டைப் படம் அது. ஆனாலும் கதை நடக்கறது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி. அந்தச் சாக்காவது இருக்கு.

இன்னைக்கு நான் பேசப்போற படத்துக்கு அந்தச் சாக்குகூட கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தா இல்ல, அலங்கார மரம் இல்ல, பண்டிகைங்கிற பேச்சே இல்ல. ஆனா செக் குடியரசு, ஜெர்மனி, நார்வே மூணு நாட்டுலயும், டிவியில இந்தப் படம் ஓடினாத்தான் கிறிஸ்துமஸ் வந்ததா அர்த்தம்னு சொல்ற குடும்பங்கள் ஏராளம்.

படத்தோட பேர் 'சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று ஹேசல்நட்டுகள்'. 1973-ல் வெளிவந்தது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பாரண்டோவ் ஸ்டூடியோவும் கிழக்கு ஜெர்மனியின் அரசு சினிமா நிறுவனமான டெஃபாவும் சேர்ந்து தயாரித்தன. இயக்கியவர் வாட்ஸ்லாவ் வோர்லீச்செக். கதைக்கு அடிப்படை, 19-ஆம் நூற்றாண்டுச் செக் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவா எழுதிய நாட்டுப்புறக் கதை வடிவம்.

இந்த சிண்ட்ரெல்லா அழுதுகிட்டு மூலையில உட்கார்ற ஆள் இல்ல. குதிரை ஓட்டுவா, மரம் ஏறுவா. மானைக் குறிவைக்கிற இளவரசன் மேல பனிக்கட்டி உருண்டையை எறிஞ்சு அவன் குறியைக் கெடுப்பா. ஆண் வேஷத்துல வேட்டைக்குப் போய் அவனைவிட நல்லா குறுக்குவில் விடுவா. இரவு நடனத்துல இளவரசன் "இவளைத்தான் கட்டிக்கப் போறேன்"னு அறிவிச்சா, "என்னைக் கேட்டியா?"ங்கிற மாதிரி ஒரு விடுகதை போடுவா. முகத்துல சாம்பல் இருக்கு, ஆனா புகைபோக்கி சுத்தம் பண்றவர் இல்ல. கையில வில் இருக்கு, ஆனா வேடன் இல்ல. பட்டாடை இருக்கு, ஆனா இளவரசி இல்ல. அப்போ யாரு? இந்த விடுகதையை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

முதல்ல அந்தப் பனி. படத்தைக் கோடையில எடுக்கறதாத்தான் திட்டம். டெஃபாவின் ஆட்களுக்குக் கோடையில வேற படங்கள் இருந்தன. குளிர்காலத்துலதான் கை காலியா இருந்தது. அதனால படப்பிடிப்பு குளிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள மோரிட்ஸ்பர்க் அரண்மனைக்குப் போனா, அங்கே போதுமான பனி விழல. என்ன பண்ணினாங்க தெரியுமா? மீன் தூளைக் கொட்டினாங்க. கோழித் தீவனத்துல கலப்பாங்களே, அதேதான். திரையில வெள்ளை வெளேர்னு இருக்கு. அங்க நின்னவங்களுக்கு நாத்தம் தாங்கல.

நடிகர்கள் கதையும் இதே மாதிரி ஒட்டுப்போட்டதுதான். சிண்ட்ரெல்லாவாக நடித்த லிபுஷே ஷாஃப்ரான்கோவா செக்கில் பேசினார். அரசராக நடித்த ரோல்ஃப் ஹோப்பே ஜெர்மனில் பேசினார். இளவரசன் பாவெல் த்ராவ்னீச்செக் செக்காரர்தான், ஆனால் பேச்சில் மொராவியப் பகுதியின் வாடை அடித்ததால் செக் பதிப்பிலேயே அவருக்கு வேறொரு நடிகர் குரல் கொடுத்தார். நார்வேயில இன்னும் வேடிக்கை. அரசன், சித்தி, சிண்ட்ரெல்லா எல்லாருக்கும் ஒரே ஆண் குரல்: நடிகர் க்னுட் ரிசான். டிசம்பர் 24 காலையில அந்தக் குரலைக் கேட்டே நார்வேயில தலைமுறைகள் வளர்ந்திருக்கு. 2021-ல் நார்வேக்காரங்க சொந்தமா ஒரு ரீமேக்கும் எடுத்தாங்க.

இதுவரைக்கும் சுவாரசியமான சினிமாத் துணுக்குகள். இனிமே சொல்றதுக்காகத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன்.

படத்தின் டைட்டிலில் திரைக்கதை என்ற இடத்தில் பொஹுமிலா ஜெலென்கோவா என்ற பெண்ணின் பெயர் வந்தது. உண்மையில் எழுதியவர் ஃப்ரான்டிஷெக் பாவ்லீச்செக். ப்ராக் நகரின் வினோஹ்ராடி நாடக அரங்கை நடத்தியவர். 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் சில மாதங்கள் சுதந்திரக் காற்று வீசியது. 'ப்ராக் வசந்தம்' என்று அதைச் சொல்வார்கள். அந்த ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான டாங்கிகள் நாட்டுக்குள் புகுந்தன. பிறகு, வசந்தத்தின் பக்கம் நின்ற எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், கலைஞர்கள் வரிசையாக வேலை இழந்தார்கள். பாவ்லீச்செக்கும் பதவி இழந்தார். அவர் பெயரில் எதுவும் வெளிவர முடியாத நிலை.

அப்போ ஜெலென்கோவா தன் பெயரைக் கடனாகக் கொடுத்தார். இது சின்ன உதவி இல்ல. ரெண்டு நாட்டு அரசுகள் பணம் போடுற படம். விஷயம் வெளியே தெரிஞ்சா படம் நின்னுடும், இயக்குநர்ல இருந்து பெயர் கொடுத்தவர் வரைக்கும் எல்லாருக்கும் ஆபத்து. 1989-ல் அந்த ஆட்சி விழற வரைக்கும் ரகசியம் காப்பாத்தப்பட்டது. இடையில, 1977-ல் மனித உரிமைகளுக்காகக் கிளம்பின 'சார்ட்டர் 77' அறிக்கையில பாவ்லீச்செக் கையெழுத்துப் போட்டார். அங்கே மட்டும் சொந்தப் பெயர்ல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அரசு ஒருத்தரோட பேரை அழிக்குது. அதே அரசோட தொலைக்காட்சி, அவர் எழுதின வசனத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்குது. அப்பாவும் அம்மாவும் பிள்ளைங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறாங்க.

இப்போ அந்த விடுகதைக்கு வருவோம். சாம்பல் பூசின முகம், இன்னொருத்தர் உடை, "நான் யார்னு சொல்லு, அப்புறம் வரேன்"ங்கிற நிபந்தனை. சொந்தப் பேரைப் போட முடியாத மனுஷன் எழுதின வசனம் இது. அவர் தன்னை நினைச்சுத்தான் எழுதினார்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். சிண்ட்ரெல்லா கதையே காலங்காலமா மறைஞ்சிருக்கிறவளைப் பத்தினதுதான். ஆனா இந்தப் பின்னணி தெரிஞ்ச பிறகு அந்தக் காட்சியைப் பழைய மாதிரி என்னால பார்க்க முடியல.

பண்டிகைப் படம்னா பண்டிகையைக் காட்டணும்னு இல்ல. ஆள் கிடைக்காததால வந்த குளிர்காலம், மீன் தூள் பனி, கடன் வாங்கின பேர், கடன் வாங்கின குரல். இதை எல்லாம் சேர்த்து ஒரு பண்டிகையாக்கினது, வருஷா வருஷம் அதே நாள்ல டிவி முன்னாடி வந்து உட்கார்ந்த ஜனங்கதான். தடை போட்ட ஆட்சி போயிடுச்சு. குதிரையில ஏறிப் பனியில பறக்கற அந்தப் பொண்ணு இன்னும் டிசம்பர் தவறாம வர்றா. பார்த்தீங்கன்னா, திரைக்கதைன்னு பேர் வர்ற இடத்துல மனசுக்குள்ள இன்னொரு பேரையும் சேர்த்துப் படிங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.