காவல்துறையின் வாகனத் துரத்தல்

நிற்கச் சொல்லியும் நிற்காமல் போகும் வாகனத்தைக் காவலர்கள் தம் வாகனத்தில் பின்தொடர்ந்து பிடிக்க முயல்வது வாகனத் துரத்தல் எனப்படும். சுழல் விளக்கைப் போட்டுச் சைரன் ஒலித்த பிறகும், தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று தெரிந்தே ஓட்டுநர் வேகம் எடுக்கும்போது அது தொடங்குகிறது. ‘சினிமா பாணியில் விரட்டிப் பிடித்த போலீஸ்’ என்று நம் நாளிதழ்கள் தலைப்பிடும் செய்தி இதுதான். சினிமாவில் பெரும்பாலும் கவிழ்வது பழவண்டி. பழக்காரர் எழுந்து நின்று திட்டுவார், காட்சி மாறிவிடும்.

இந்த நடைமுறை மிக அதிகமாக ஆராயப்பட்டதும் வழக்குமன்றம் ஏறியதும் அமெரிக்காவில். அங்கே ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உள்ளன. எப்போது துரத்தலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றும் தனி விதி வைத்துக்கொள்கிறது. பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டினால் விதியே மாறிவிடும்.

இறப்புக் கணக்கு

அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பணியகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1996 முதல் 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் துரத்தல் விபத்துகளில் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுக்குச் சராசரியாக 355 பேர். நாளுக்கு ஒருவர் என்றே சொல்லலாம். 2012இல் மட்டும் சுமார் 68,000 துரத்தல்கள் நடந்ததாக அதே அறிக்கை மதிப்பிடுகிறது. இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் துரத்தப்பட்ட வாகனத்தில் இருந்தவர்கள். காவலர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. மற்றவர்கள் எதிரே வந்த வண்டியில் இருந்தவர்கள், சாலையோரம் நடந்து போனவர்கள்.

‘துரத்தப்பட்ட வாகனத்தில் இருந்தவர்கள்’ என்ற தலைப்பைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஓட்டியவர் மட்டும் அதில் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரும், பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறார்கள். ஓடலாமா நிற்கலாமா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஓடுவது யார்

கொலைகாரனும் வங்கிக் கொள்ளையனும்தான் ஓடுவார்கள் என்பது பொது எண்ணம். சர்வதேசக் காவல்துறைத் தலைவர்கள் சங்கத்துக்காக 2008இல் தொகுக்கப்பட்ட ஆய்வு, 7,700க்கும் மேற்பட்ட துரத்தல் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் போக்குவரத்து விதிமீறலில் தொடங்கியவை. திருட்டு வாகனம் என்ற சந்தேகமும் குடிபோதையும் அடுத்தடுத்து வந்தன. வன்முறைக் குற்றத்துக்காகத் தொடங்கியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டிருக்கும். நிலுவையில் பிடியாணை இருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்த காராக இருக்கும். வெறும் பயமாகவும் இருக்கும். ஓடுபவரின் காரணம் பின்னால் வரும் காவலருக்கு அப்போது தெரியாது. ‘ஓடுகிறானே, பெரிதாக ஏதோ செய்திருப்பான்’ என்ற ஊகம் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது.

இரு பக்கமும் உடல் கொதித்திருக்கும் நேரம் அது. நெஞ்சு படபடக்கிறது, பக்கவாட்டுப் பார்வை சுருங்குகிறது, முன்னால் போகும் பின்விளக்கு மட்டுமே கண்ணில் நிற்கிறது. அந்தக் கொதிப்பு கார் நின்றவுடன் அடங்குவதில்லை. 1979 டிசம்பரில் மயாமியில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பினக் காப்பீட்டு முகவர் மோட்டார் சைக்கிளில் துரத்தப்பட்டு, பிடிபட்ட பிறகு காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் 1980 மே மாதம் அந்நகரில் கலவரம் வெடித்தது. 18 பேர் இறந்தனர். 1991இல் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் தாக்கப்பட்டதும் நெடுஞ்சாலைத் துரத்தலின் முடிவில்தான். அடியை உலகமே காணொளியில் பார்த்தது. அதற்கு முந்தைய ஓட்டம் மறந்துபோயிற்று.

நிறுத்தும் முறைகள்

ஓடும் காரை நிறுத்துவதில் பத்திரமான வழி என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறது.

‘பிட்’ என்று அழைக்கப்படும் தட்டித் திருப்பும் உத்தி 1980களில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் காவல்துறையில் தொடங்கிப் பரவியது. காவல் காரின் முன்மூலை, ஓடும் காரின் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் வந்து ஒட்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போகும்போது காவலர் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமாக ஒடிப்பார். பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து கார் பம்பரமாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நிற்கும். குறைந்த வேகத்தில், அகன்ற வெறுஞ்சாலையில், பயிற்சி பெற்ற கையால் செய்தால் கீறலோடு முடியும். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூட இயற்பியல் இங்கே ஈவிரக்கமின்றி வேலை செய்கிறது. அதனால் பல துறைகள் மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் இதைத் தடுக்கின்றன. ஜார்ஜியா, ஆர்கன்சா போன்ற மாநிலக் காவல்துறைகள் அதைவிட மிக அதிக வேகத்திலும் பயன்படுத்தியுள்ளன. 2016க்குப் பிறகான சுமார் நான்கு ஆண்டுகளில் இம்முறையால் குறைந்தது 30 பேர் இறந்ததாக ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் 2020இல் கணக்கிட்டது.

அதே 2020இல் ஆர்கன்சாவில் நடந்தது, ‘தப்பியோடுபவர்’ என்ற சொல்லே எவ்வளவு வழுக்கலானது என்பதைக் காட்டுகிறது. வேகவரம்பை மீறிய கர்ப்பிணி ஒருவர், சைரன் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, நிறுத்த இடமுள்ள வெளிவழியைத் தேடிப் போனார். சாலையோரம் குறுகலாக இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் காவலர் பின்னாலிருந்து தட்ட, அவர் வண்டி கவிழ்ந்தது. அவர் பிழைத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. துறை தன் விதியை மாற்றியது.

முள்பட்டை வேறு விதம். சாலையின் குறுக்கே வீசப்படும் பட்டையில் உள்ள ஆணிகள் உள்ளே துளையுள்ள குழல்கள். டயரில் குத்திக்கொண்டதும் காற்று மெல்ல இறங்கும், வெடிக்காது. கருவி என்ற அளவில் நல்ல யோசனை. ஆனால் அதைச் சரியான நொடியில் வீசி, பின்னால் வரும் காவல் கார்கள் ஏறுமுன் இழுத்துக்கொள்ள ஓர் ஆள் சாலையோரம் நின்றாக வேண்டும். இங்கிலாந்தின் மெர்சிசைட் காவலர் டேவ் ஃபிலிப்ஸ் 2015 அக்டோபரில் வாலசி நகரில் அப்படி நின்றபோதுதான், திருடப்பட்ட பிக்கப் வண்டி மோதி இறந்தார். அமெரிக்காவிலும் இப்பணியில் பலர் மாண்டிருக்கிறார்கள்.

முன்னும் பின்னும் பக்கத்திலும் கார்களை நிறுத்திச் சிறைபிடித்து, எல்லாம் சேர்ந்து வேகம் குறைக்கும் முறையைப் பிரிட்டிஷ் காவல்துறை அதிகம் விரும்புகிறது. அதற்குப் பல கார்களும் தேர்ந்த ஓட்டுநர்களும் வேண்டும். சுடுவது கடைசி வழி. ஓட்டுநரைச் சுட்டாலும் கார் உடனே நிற்பதில்லை. ஓட்ட ஆளில்லாத கார் ஆகிவிடுகிறது.

ஸ்காட் எதிர் ஹாரிஸ்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இந்த வழக்கைப் பேசாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. 2001 மார்ச்சில் ஜார்ஜியாவின் கொவீட்டா மாவட்டத்தில், மணிக்கு 88 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 117இல் போன ஹாரிஸ் என்ற 19 வயது இளைஞரை நிறுத்தக் காவலர் விளக்கைப் போட்டார். அவர் நிற்கவில்லை. பெரும்பாலும் இருவழிச் சாலை, இரவு. ஆறு நிமிடம், சுமார் 16 கிலோமீட்டர் துரத்தல் ஓடியது. இடையில் வயர்லெஸ் கேட்டுச் சேர்ந்துகொண்ட டிமதி ஸ்காட் என்ற காவலர் ‘பிட்’ செய்ய மேலதிகாரியிடம் அனுமதி வாங்கினார். அதற்கு வேகம் மிக அதிகம் என்று கருதி, பம்பரால் பின்னாலிருந்து நேராக முட்டினார். கார் சரிவில் இறங்கிக் கவிழ்ந்தது. இளைஞருக்குக் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. தொடக்கக் குற்றம் என்னவென்று முட்டியபோது ஸ்காட்டுக்குத் தெரியாது.

கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் இளைஞர் பக்கம் நின்றது. வளைவுகளில் வேகம் குறைத்தார், திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டார், வண்டி அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்றது. 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா, காவல் காரின் கேமராவில் பதிவான காணொளியே சாட்சி என்றார். நீதிமன்றம் அதைத் தன் இணையதளத்திலும் வெளியிட்டது. ஆபத்தை உண்டாக்கியவர் ஓடியவர். தாறுமாறாக ஓட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற பாடத்தை அரசியலமைப்பு கற்பிக்கக் கூடாது என்பது வாதத்தின் சாரம்.

தனித்து நின்றவர் அப்போது 87 வயதான ஜான் பால் ஸ்டீவன்ஸ். அதே காணொளியில் அவர் கண்டது வேறு: சைரன் கேட்டு ஓரம் ஒதுங்கிய கார்கள், ஆளில்லாத சாலை, காரின் எண் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பிடித்திருக்கக்கூடிய ஒருவர். சக நீதிபதிகள் இருவழிச் சாலைகளில் வேகமாக ஓட்டிப் பழகிய தலைமுறையாக இருந்தால் இவ்வளவு மிரண்டிருக்கமாட்டார்கள் என்றொரு குத்தலும் வைத்தார். பிறகு டான் கஹான் உள்ளிட்ட மூன்று சட்டப் பேராசிரியர்கள் 1,350 அமெரிக்கர்களுக்கு அதே காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பான்மையோர் நீதிமன்றத்தோடு ஒத்துப்போனார்கள். ஆனால் இனம், வருமானம், அரசியல் சார்பு ஆகியவற்றுக்கேற்ப மறுத்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். கண்ணால் பார்த்ததே சாட்சி என்ற ஸ்காலியாவின் நிலைக்கு, யாருடைய கண் என்ற கேள்வியை அந்த ஆய்வு சேர்த்தது.

இவ்வழக்குக்கு முன்பே 1998இல், சாக்ரமென்டோவில் 75 நொடி மட்டும் நீடித்த துரத்தலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்திருந்த 16 வயதுச் சிறுவன் இறந்த வழக்கில், கெடுதல் செய்யும் நோக்கம் காவலருக்கு இருந்தாலொழிய அரசியலமைப்பு மீறலாகாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. 2014இல், எரியாத முன்விளக்கு ஒன்றுக்காக நிறுத்தப்பட்டு ஓடிய காரின் மீது 15 குண்டுகள் சுட்டதையும் அது ஏற்றது. நீதிமன்றக் கதவு ஏறக்குறைய மூடப்பட்ட நிலையில், துரத்தலைக் கட்டுப்படுத்தும் வேலை காவல் துறைகளின் உள்விதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

விதியை மாற்றினால் என்ன ஆகும்

மயாமி வட்டாரத்தின் மெட்ரோ-டேட் காவல்துறை, அதாவது மெக்டஃபியைக் கொன்ற காவலர்கள் இருந்த அதே மாவட்டக் காவல்துறை, 1992இல் வன்முறைக் குற்றங்களுக்கு மட்டுமே துரத்தல் என்று விதித்தது. அதற்கு முன் 279ஆக இருந்த துரத்தல்கள் 1993இல் 51ஆயின. அதே 1993இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரம் விதியைத் தளர்த்தியது. அங்கே 17 என்பது 122 ஆனது. துரத்தலின் அளவைத் தீர்மானிப்பது ஓடுபவர் அல்ல, துறையின் விதிப்புத்தகம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்த எண்களைத் தொகுத்த குற்றவியலாளர் ஜெஃப்ரி ஆல்பர்ட், ஓடிப் பிடிபட்டுச் சிறையில் இருந்தவர்களையும் பேட்டி கண்டார். காவலர் பின்னால் வருவதை நிறுத்தினால் வேகத்தைக் குறைத்திருப்போம் என்று எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். சிறையில் இருப்பவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு.

எதிர்வாதமும் வெறும் பிடிவாதம் அல்ல. வாஷிங்டன் மாநிலம் 2021இல் துரத்தலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நிற்காமல் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள், கார் திருடர்கள் காவலருக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்கள் என்ற குமுறலுக்குப் பின் 2023இல் சற்றும், 2024இல் பெருமளவும் தளர்த்தியது. நியூசிலாந்து இதே வட்டத்தைச் சுற்றியது: 2020 இறுதியில் கட்டுப்பாடு, நிற்காதவர்கள் அதிகரிப்பு, 2023இல் மறுபடி தளர்வு. லண்டனில் மொபெட்டில் வந்து கைபேசி பறித்தவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தால் போலீஸ் துரத்தாது என்று நம்பினார்கள். பெருநகரக் காவல்துறை அவர்களை வண்டியால் தட்டி வீழ்த்தத் தொடங்கி, அதன் படங்களை 2018இல் தானே வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், துரத்தலில் ஒரு குழந்தை இறந்த பிறகு 2010இல் ஓடுவதையே தனிக் குற்றமாக்கி, முதல்முறைக்கு மூன்றாண்டு வரை சிறை வைத்தது.

துரத்தாமல் பிடிப்பது

காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு பிடிப்பது பழைய வழி. திருட்டு காரானால் அது உதவாது. ஹெலிகாப்டரில் இருந்து பார்த்துக்கொண்டு கீழே கார்கள் பின்வாங்குவது செலவான வழி. ஓடும் காரின் மீது ஒட்டிக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவியைக் காவல் காரின் முன்பக்கத்திலிருந்து எய்வது, பின்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும் வலையைப் பம்பரில் பொருத்துவது எனப் புதியவை வந்துள்ளன.

காரையே வெளியிலிருந்து அடக்கும் வசதியை ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார் சேவை 2009ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்தது. திருட்டுப் புகாரும் காவலரின் கோரிக்கையும் வந்தால், செயற்கைக்கோள் வழியே காரைக் கண்டுபிடித்து ஆக்சிலரேட்டரைச் செயலிழக்கச் செய்வார்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். அந்த ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் வைசேலியா நகரில் துப்பாக்கி முனையில் பறிக்கப்பட்ட ஷெவர்லே டஹோ ஒன்று, முதன்முதலாக இப்படி அடங்கி ஓரத்தில் நின்றது. எல்லாம் 16 நிமிடம். திருடியவர் இறங்கி ஓடி, ஒரு வீட்டுக் கொல்லைப்புற நீச்சல் குளத்துக்குள் விழுந்து பிடிபட்டார்.