பம்பாயின் சிம்பொனியும் கோவாவின் பங்குப் பள்ளியும்

சென்னிமலையில் ஒரு போர்வை உருவாக எத்தனை கைகள் வேண்டும் என்பதை நாம் அறிவோம். சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர், தறியில் அமர்பவர் ஆகிய அனைவரும் வேண்டும். அவர்களுள் ஒருவர் குறைந்தாலும் தறி நின்றுவிடும். சிம்பொனி இசைக்குழுவும் அத்தகையதே. பம்பாய் மாநகரின் வரலாறு இதற்குச் சான்று.

1935இல் மேலி மேத்தா என்னும் பார்சி வயலின் கலைஞர் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தோற்றுவித்தார். உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தா இவருடைய மைந்தரே. ஆயினும் 1945இல் மேலி மேத்தா மேற்பயிற்சிக்காக நியூயார்க் செல்ல நேர்ந்தது. உள்ளூரில் அதற்கு வழியில்லை.

அக்குழுவில் வாசித்தோருள் கோவாக் கத்தோலிக்கர் பலர். கோவாவின் பங்குப் பள்ளிகளில் ஏழைச் சிறுவர்க்கும் இசைக்குறிப்பைப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுத் தந்தனர். ஆலய வழிபாட்டிற்காகத் தரப்பட்ட அக்கல்வியே பின்னாளில் அவர்களுக்குச் சோறு போட்டது. பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்தனர். இசையமைப்பாளரின் மெட்டுக்கு வாத்திய இசையைப் பிரித்து எழுதித் தந்தவர்களும் இவர்களே. ஆனால், இவர்களுள் பலரின் பெயர் திரையில் வந்ததில்லை.

மஜோர்டா என்னும் கோவா ஊரில் 1927இல் பிறந்த அந்தோணி கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர். 1958இல் இந்திய சிம்பொனி இசைக்குழுவை அமைத்து, நம் இராகங்களைப் பெருங்குழுவுக்கேற்ப எழுதினார். புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் நிகழ்ந்த அவ்விசையில் லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினர். ஆனால், அதுவும் நிலைக்கவில்லை. அவருடைய மாணவர் பியாரேலால், 1977இல் வெளிவந்த ஒரு திரைப்படப் பாடலில் ஆசிரியரின் பெயரை ஒலிக்கச் செய்தார். நாடே அதைப் பாடியது. அப்பெயருக்குரியவரை அறிந்தோர் சிலரே.

2006இல் மும்பையின் தேசிய நிகழ்கலை மையத்தில், குஷ்ரூ சன்டூக்கும் கசகஸ்தான் வயலின் கலைஞர் மராத் பிசென்கலீவும் இந்திய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினர். அரங்கம் இருந்தது, பொருளும் இருந்தது. வாசிக்கப் போதிய இந்தியர் இல்லை. அயல்நாட்டுக் கலைஞரையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. பின்னர் அம்மையமே சிறுவர்க்கு இசைப் பயிற்சி தரத் தொடங்கியது. அதாவது, கோவாவின் எளிய பங்கு ஆசிரியர் விட்ட இடத்திற்கே பெருநகர் திரும்பி வந்தது.

இது நமக்கும் உரிய பாடம். இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் ஒரே கீபோர்டு தாளம், குழல், வயலின் அனைத்தையும் ஒலிக்கின்றது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், பொத்தானை அழுத்தினால் ஒலி வரும், இசைஞர் வரமாட்டார். பத்து வயதுப் பிள்ளைகள் நால்வரை அமரவைத்து வாரம் ஒரு மணி நேரம் கற்பிக்க எத்தனை பங்குகள் முன்வரும்? அவர்களுள் எவரும் பெருங்குழுவில் வாசிக்காமலே போகலாம். ஆயினும், பிறர் வாசிக்கையில் காத்திருக்கவும், தம் முறை வந்ததும் தவறாமல் சேரவும் கற்றிருப்பர். அதுவே போதுமான ஊதியம்.