முத்திரை மரக்கால்

முப்பத்திரண்டு ஆண்டுகள் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தேன். சந்தை, மளிகைக்கடை, இறைச்சிக்கடை என்று போய்த் தராசையும் படிக்கல்லையும் அளவுக் குவளையையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இரும்புப் படிக்கல்லில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் அடைத்திருக்கும். முத்திரை அந்த ஈயத்தின் மேல் விழும். யாராவது ஈயத்தைச் சுரண்டினால் கல் இளைக்கும், முத்திரையும் கலையும்.

வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மரக்காலுக்கு முத்திரை குத்துற வேலையாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பாரு காலத்துல நீ வந்திருக்கணும்" என்றார்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பண்ணையில், பண்ணையாளின் மகளாகப் பிறந்தவர் அம்மா. அவர் சொன்னது விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. காவிரிப் படுகையில் நீதி பற்றிய வழக்கு பெரும்பாலும் நெல்லைப் பங்கிடும் வழக்குத்தான். யாருக்கு எத்தனை பங்கு என்பதை ஏட்டில் எழுதிவிடலாம். அந்தப் பங்கை எந்த மரக்காலால், யார் கையால் அளப்பது என்பதில்தான் வயிறு நிறைவதும் காய்வதும் இருந்தது.

இது சோழர் காலத்திலேயே தெரிந்த விஷயம். எட்டு நாழி ஒரு குறுணி; அந்தக் குறுணியை அளக்கும் பாத்திரம்தான் மரக்கால். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வாய்பாடு ஒன்றுதான் என்றாலும் மரக்கால் இடத்துக்கு இடம் மாறும். அதனால் எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்றொரு மரக்கால் வருகிறது. ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு அது சமம் என்பதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குக் கொடுப்பவரும் கோயிலிலிருந்து பெறுபவரும் பின்னால் சண்டையிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. என் தொழிலின் வேர் அந்தக் கல்லில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

பங்கிடுவதிலும் நம்மவர்கள் நுட்பமானவர்கள். தொண்டை மண்டலத்திலும் தஞ்சையிலும் பல மிராசு ஊர்களில் கரையீடு என்ற வழக்கம் இருந்தது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான நூலில் அதன் விவரம் உண்டு. அந்த ஊர்களில் நிலம் யாருக்கும் நிரந்தரமாகப் பிரிபடாது. மொத்த ஊரும் இத்தனை பங்கு என்பது கணக்கு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைக் கூறு போட்டு, சீட்டெடுத்து மாற்றிக்கொள்வார்கள். எந்தக் கூறு தனக்கு விழும் என்று கூறு போடுகிறவருக்கே தெரியாது. ஒரு கூறில் தலைமடை நிலத்தை எல்லாம் சேர்த்து, இன்னொன்றில் கடைமடையைத் தள்ளிவிட யாருக்குத் துணிவு வரும்?

1971இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் நீதிக் கோட்பாடு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சமூகத்தின் விதிகளை வகுப்பவர்கள், தாங்கள் ஏழையாகப் பிறப்போமா செல்வராகப் பிறப்போமா என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று வகுப்பதாக எண்ணிப் பாருங்கள், அப்போதுதான் விதி நியாயமாக இருக்கும் என்பது அவர் வாதம். அதைப் படித்தபோது எனக்குக் கரையீடுதான் நினைவுக்கு வந்தது. நம் ஊர்களில் அந்தத் திரை தொங்கத்தான் செய்தது. ஆனால் அதன் பின்னால் நின்றவர்கள் பங்காளிகள் மட்டும். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. என் தாத்தாவுக்குத் திரை கிடையாது. தான் யாராகப் பிறப்போம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அடிமை முறையைச் சட்டம் 1843இல் கைவிட்டது. ஆனால் பண்ணையாள் முறை ஒரு நூற்றாண்டு தாண்டியும் நின்றது. குடிசை பண்ணை நிலத்தில் இருந்தது. கல்யாணக் கடன் பண்ணைக் கணக்கில் இருந்தது. அறுவடைக் கூலியைக் களத்தில் அளந்தார்கள். அம்மா சொல்வார்: பண்ணைக்குச் சேரும் நெல்லைப் பெரிய மரக்காலில் கும்பாச்சியாகக் குவித்து அளப்பார்களாம். ஆட்களுக்கு வேறு மரக்கால், அதையும் தலை வழித்து அளப்பார்களாம். கூலி நெல்லில் கருக்காயும் பதரும் கலந்திருக்குமாம்.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று குரல் கொடுத்தபடி அளப்பது வழக்கம். "உங்களுக்கு அளக்கும்போதும் லாபம்னுதான் ஆரம்பிப்பாங்களா?" என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "எங்களுக்கு எங்கப்பா எண்ணுனாங்க? கொட்டுனாங்க, அள்ளிக்கிட்டு வந்தோம்" என்றார்.

1943இல் பி. சீனிவாச ராவ் தஞ்சைக்கு வந்தார். கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர், கம்யூனிஸ்ட். தென்பரையில் தொடங்கிச் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது முதல் குரல். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளை நிறுத்தச் சொன்னது. அந்த நாட்களின் கோரிக்கைகளில் இன்னொன்று, கூலியை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்பது. கூலியைக் கூட்டிக் கேட்டதோடு, சரியான பாத்திரத்தையும் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேட்ட அந்தக் கேள்வியைவிட ஆழமான நீதிக் கேள்வியை நான் எந்த நூலிலும் பார்த்ததில்லை.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு உழுபவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. 1956இன் நியாய வாரச் சட்டம் நஞ்சையில் நிலக்காரரின் பங்கை நூற்றுக்கு 40 ஆக்கியது. பின்னால் அது 25 ஆனது. ஐந்தில் இரண்டு, ஐந்தில் மூன்று, நான்கில் மூன்று என்று உழுபவரின் பங்கு ஏட்டில் ஏறியது. எங்களைப் போன்ற கூலிக்காரருக்கு அந்த ஏற்றத்தில் இடம் இல்லை. பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று சட்டம் சொன்னதுமே பல பண்ணைகள் பண்ணையாட்களை விலக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறின. தாத்தாவும் அப்படித்தான் அன்றாடக் கூலி ஆனார்.

கூலிப் போராட்டம் முற்றிய நாட்களில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரைத் தீ தின்றது. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி நெல் எவ்வளவு என்று அரசு எழுதி வைப்பதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது. இதை எழுதும்போது இன்றும் என் கை நிற்கிறது.

ரால்ஸின் நூல் வந்த அதே 1971இல்தான் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமானது. கேள்வி கேட்டால் பண்ணையார் குடிசையைப் பிரித்துப்போடுவார் என்ற பயம் போனது. அதற்குப் பிறகுதான் தன் அப்பா களத்தில் நிமிர்ந்து நின்று அளவைப் பார்த்தார் என்பார் அம்மா. நிற்க ஒரு சொந்த இடம் இல்லாதவனால் மரக்காலைச் சோதிக்க முடியாது.

இன்று அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. கூலி ரூபாயில் கைமாறுகிறது. இருந்தாலும் அரசு ஒதுக்கீடு, நிவாரணம், பங்கு என்று எது காதில் விழுந்தாலும் என் தொழில் புத்தி கேட்கிறது: அளவை யார் வைத்திருக்கிறார்? வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா? அவர் பெயர் சீட்டில் இருக்கிறதா?

கடைசிக் காலம் வரை அம்மா வீட்டுக்கு நெல் வாங்கினால் மூட்டையைப் பிரித்து வாசலில்தான் கொட்டுவார். எடை போட்டுத்தான் வந்தது என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டார். பித்தளைப் பூண் போட்ட பழைய மரக்காலை எடுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, முதல் மரக்காலை நிரப்பி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: "லாபம்."