கறுப்புக் காலுறைகளும் காட்டுப் பூனைகளும்

ராக் இசை என்றால் நம் வயதுக்காரர்களுக்கு பீட்டில்ஸ்தான் நினைவுக்கு வரும். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களில் சிலர் அதற்கு முன்பே வேறு இரண்டு பெயர்களைக் கேட்டிருந்தோம். லே ஷோசெத் நுவார், அதாவது கறுப்புக் காலுறைகள். லே ஷா சோவாஜ், காட்டுப் பூனைகள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டுக்கு பிரான்சிலிருந்து சின்ன இசைத்தட்டுகள் வரும். அங்கே கேட்டதுதான்.

இரண்டு குழுக்களுக்கும் 1962-இல் ஒரே சோதனை வந்தது. பாடுகிறவர் போய்விட்டால் குழு என்ன ஆகும்?

முதலில் காலுறைக்காரர்கள். பாரீஸில் கோல்ஃப் துருவோ என்று ஓர் இடம். மினி கோல்ஃப் ஆடித் தேநீர் குடிக்க வைத்தது, பையன்கள் பாட்டுக் கேட்கக் கூடும் இடமாகிவிட்டது. அங்கே பழகியவர்கள் 'ஃபைவ் ராக்ஸ்' என்று ஒரு குழு அமைத்தார்கள். பாடியவர் க்ளோத் முவான், கிரெதி லியோனே வங்கியில் சின்ன உத்தியோகம் (நம்ம ஜாதி!). இசைத்தட்டு போட்ட பார்க்லே கம்பெனி, ஸ்டெம் என்ற காலுறைக் கம்பெனியோடு விளம்பர ஏற்பாடு செய்துகொண்டு குழுவின் பெயரையே மாற்றிவிட்டது. முவான், எடி மிச்செல் ஆனார்.

1961 முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். ஆனால் அது அல்ஜீரியப் போர்க் காலம். இருபது வயதை எட்டும் பையன் இரண்டு வருடத்துக்கும் மேல் ராணுவத்தில் இருந்தாக வேண்டும். நம் ஊர் சொல்தாக்கள் பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அங்கேயோ நல்ல பிழைப்பை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. குழுவில் ஆட்கள் மாறினார்கள். டிரம்ஸ் வாசித்தவர்கூட மாறிவிட்டார். 1962-இல் மிச்செலுக்கும் அழைப்பு வந்தது. ஆனாலும் கம்பெனி அவரை விடவில்லை. தனியாகப் பாடவைத்தது. லண்டனில் தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருக்கும்போது பழைய கூட்டாளிகள் எதற்கு? 1963-இல் வந்த தனி ஆல்பத்தின் தலைப்பிலேயே 'சொல்தா மிச்செல்' என்று இருக்கும். எங்கள் தெரு சொல்தா வீட்டில் அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. காலுறைகள் அத்தோடு சரி.

பூனைகள் கதை வேறு. பாடகர் நீஸ் நகரத்து எர்வே ஃபோர்னெரி. எல்விஸ் படத்தில் வரும் டீக் ரிவர்ஸ் என்ற பாத்திரத்தை வைத்து டிக் ரிவர்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார். பதினாறு வயதில் 'ட்விஸ்ட் ஆ சேன் த்ரோப்பே' பாடிப் பிரபலமானார். 1962-இல், பதினேழு வயதில், தனியே போய்விட்டார். இவரைப் பட்டாளம் கூப்பிடவில்லை. பூனைகள் காலியிடத்தை உடனே நிரப்பினார்கள். மைக் ஷானன் என்பவர் வந்தார். அதே வருடம் அவர் பாடிய 'தெர்னியே பெசே' எங்கும் ஒலித்தது. என் காதுக்கு ரிவர்ஸைவிட இவர் குரல்தான் இதம். இதைச் சொன்னால் அந்தக் காலத்து நண்பர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். அப்படியும் 1964-க்கு மேல் குழு தாங்கவில்லை. அதற்குள் தனிப் பாடகர்களின் காலம் வந்துவிட்டது.

ரிவர்ஸ் 2019 ஏப்ரல் 24-ஆம் தேதி, தம்முடைய 74-ஆவது பிறந்த நாளன்றே காலமானார். மிச்செல் மட்டும் வயதான பிறகு மறுபடி கூட்டாகப் பாடினார். ஜானி ஹாலிடே, ழாக் துத்ரோன் இருவரோடும் சேர்ந்து 'லே வியேய் கனாய்', கிழட்டுப் போக்கிரிகள், என்ற பெயரில் 2014-லும் 2017-லும் மேடையேறினார். 2017 டிசம்பரில் ஹாலிடே போய்விட்டார். அவர் இடத்துக்கு இவர்கள் வேறு ஆள் தேடவில்லை.